கேன்ட் ஹீட் பேண்டை எங்கருந்து கேக்க ஆரம்பிக்கிறது: வேலூர் பசங்களுக்கு ஒரு வழி

கேன்ட் ஹீட், 1965ல லாஸ் ஏஞ்சலஸ்ல ஆரம்பிச்ச ப்ளூஸ் பேண்டு, ப்ளூஸ்னா அமெரிக்க கறுப்பு ஜனங்ககிட்டருந்து வந்த பாட்டு, பேண்டு இன்னும் ஓடுது. ஆல்பம் கணக்கில்லாம கெடக்குது, அதுல லைவ் எது, தொகுப்பு எது, பழசையே திரும்ப அடிச்சு வித்தது எதுன்னு தெரியாம வரிசையா கேக்க உக்காந்தா மூணாவது பாட்டுலயே கொட்டாவி வரும், அப்புறம் ப்ளூஸ்னாலே எல்லாம் ஒரே மாதிரிதான் கீதுன்னு சொல்லிட்டு போயிடுவீங்க. ஆல்பம் வரிசைய விடுங்க. ஆள் வரிசைல போங்க. யாரு இருந்தாங்க, யாரு செத்தாங்க, யாரு கோச்சுக்கினு போயி திரும்ப வந்தாங்கன்னு புடிச்சுக்கினு போனா ஒவ்வொரு பாட்டும் காதுல தனித்தனியா விழும்.

நம்ம வட ஆற்காட்டு ஆளுங்களுக்கு இது புதுசும் இல்ல. செய்யாறு பக்கம் புரிசைல கூத்து ஜமா தலைமுறை தலைமுறையா ஓடுது, கூத்து வாத்தியார் கண்ணப்ப தம்பிரான் போனப்புறமும் அது புரிசை ஜமாதான், ஆனா இன்னிக்கு யாரு வேஷம் கட்டுறாங்க, மத்தளம் யாரு, பின்பாட்டு யாருன்னு கேட்டுட்டுதான் பழைய பெருசுங்க விடிய விடிய உக்கார்றதா வேணாமான்னு முடிவு பண்ணுவாங்க. இங்கயும் அதே கணக்குதான்.

மொதல்ல எண்ணக் கத்துக்கங்க, இது இல்லாம ப்ளூஸ் கேக்கறது வேஸ்ட். பெரும்பாலும் 12 பார், பார்னா தாளத்துல ஒரு சுத்து, ஒரு பாருக்கு 4 அடி, தொடைல தட்டிக்கினே எண்ணுங்க. முதல் 4 பார் சட்ஜமத்துல நிக்கும், அப்புறம் 2 பார் மத்யமத்துக்கு ஏறும், திரும்ப 2 பார் சட்ஜமம், அப்பால பஞ்சமம் 1, மத்யமம் 1, கடைசி 2 பார் மறுபடி சட்ஜமம், அவ்ளோதான், திரும்ப முதல்லருந்து. சர்ச்சுல கீபோர்டு வாசிக்கிற பசங்களுக்கு சி, எஃப், ஜின்னு சொன்னா புரிஞ்சிரும். தாளம் மட்டும் நேரா போகாது, ஒவ்வொரு அடியும் ‘தகிட’ன்னு மூணா பிரியும், நடுவுல இருக்கற ‘கி’ கேக்காது, ‘த’வும் ‘ட’வும் மட்டும் விழும், அந்த நொண்டியடிக்கிற நடைக்குப் பேருதான் ஷஃபிள். இதைப் பழக ‘லெட்ஸ் ஒர்க் டுகெதர்’ போடுங்க, 1970ல இங்கிலாந்துல 2ஆவது இடம் வரைக்கும் போன பாட்டு, பாடறது பாப் ஹைட். ஆளு குண்டா இருப்பாரு, கரடின்னுதான் செல்லப்பேரு, பழைய 78 ஆர்பிஎம் கிராமபோன் தட்டு ஆயிரக்கணக்குல சேத்து வெச்சிருந்தவரு, கொரலும் அதுக்கேத்த மாதிரிதான்.

எண்றது கைக்கு வந்ததும் ‘ஆன் தி ரோட் அகெய்ன்’ போங்க. போன் ஸ்பீக்கர்ல போடாதீங்க, தயவுசெஞ்சு இயர்போன் மாட்டுங்க, ஏன்னா ஆரம்பத்துலயே தம்புரா கேக்கும், ஆமாங்க நம்ம தம்புராவேதான், வாசிச்சது இந்த பேண்டு ஆளு ஆலன் வில்சன். 12 பாரைத் தேடாதீங்க, கிடைக்காது, கிட்டத்தட்ட ஒரே எடத்துல நின்னுக்கினே போகும், அதனாலதான் கச்சேரி கேட்டுப் பழகின காதுக்கு இது சட்டுனு ஒட்டும்ன்றது என் அபிப்பிராயம். மெல்லிசா, கிட்டத்தட்ட பொம்பள கொரல் மாதிரி பாடறதும் வில்சன்தான், மவுத்ஆர்கனும் அவரே. பாட்டோட வேரு 1928ல டாமி ஜான்சன் பாடினது, அதை 1953ல ஃப்ளாய்ட் ஜோன்ஸ் மாத்திப் பாடினாரு, இவங்க 1968ல தம்புரா சேத்தாங்க. பேண்டு பேரும் டாமி ஜான்சனோட இன்னொரு பாட்டுலருந்து எடுத்ததுதான்.

இந்த வில்சன் கதைய தெரிஞ்சுக்காம மேல போகாதீங்க. சன் ஹவுஸ்னு மிசிசிப்பிக்காரரு, 1930லயே ரெக்கார்டு குடுத்தவரு, அப்புறம் வாசிக்கறதையே விட்டுட்டாரு. 1964ல அவரைத் தேடிக் கண்டுபிடிச்சப்ப சொந்தப் பாட்டே பாதி மறந்துபோச்சு, அவரு கூட உக்காந்து அவரு பாட்டை அவருக்கே ஞாபகப்படுத்தி வாசிச்சுக் காட்டினது இருவத்தியொரு வயசுப் பையன் வில்சன். அடுத்த வருஷம் சன் ஹவுஸ் ஆல்பமே வந்துச்சு. அதையும் ஒரு தடவை கேளுங்க.

அடுத்தது ‘கோயிங் அப் தி கன்ட்ரி’. அதுல வர்ற புல்லாங்குழல் மெட்டு 1928ல ஹென்றி தாமஸ் நாணல் குழாய் கட்டி ஊதினது. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு கேளுங்க, சிரிப்பே வரும், அப்படியே இருக்கும். 1969 ஆகஸ்ட் 16 சாயங்காலம் வுட்ஸ்டாக்குன்ற பெரிய இசை விழா மேடைல ஏறினப்ப கிதார்ல பழைய ஆளு ஹென்றி வெஸ்டைன் இல்ல, பேஸ் வாசிச்ச லாரி டெய்லர் கூட சண்டை போட்டுக்கினு கொஞ்ச நாள் முன்னாடிதான் வெளிய போயிருந்தாரு, எடத்துக்கு வந்தவரு ஹார்வி மண்டல். 1968 பாட்டுல வெஸ்டைன் கிதார் கரகரன்னு கிழிக்கும், மண்டல் கிதார் நீளமா இழுத்து நிக்கும். இந்த வித்தியாசம் காதுக்குப் புரிஞ்சிடுச்சுன்னா பாதி வேலை முடிஞ்சது.

‘ரீஃப்ரைட் பூகி’ன்னு 41 நிமிஷ லைவ் ஒண்ணு இருக்கு, ரெண்டு துண்டா போட்டிருப்பாங்க. வீட்ல கேக்க பொறுமை இருக்காது. காட்பாடில எக்ஸ்பிரஸ் ஏறி உக்காந்ததும் போட்டுருங்க, அரக்கோணம் கிட்ட வர்றப்ப முடியும். டிரம்ஸ் தனி ஆவர்த்தனம் கொஞ்சம் ஜாஸ்திதான், வழில வடை வாங்கி சாப்பிடலாம்.

‘ஹூக்கர் அண்ட் ஹீட்’ மட்டும் அவசரப்படாம கேளுங்க, என்னைக் கேட்டா இவங்க செஞ்சதுலயே பெரிய வேலை இதான். 1970 மே மாசம் ப்ளூஸ் பெருசு ஜான் லீ ஹூக்கரை வெச்சு ரெக்கார்டு பண்ணது. ஆரம்பத்துல ஹூக்கர் தனியா, கிதாரும் ஒரு பலகை மேல கால் தட்டற சத்தமும்தான். அப்பால வில்சன் சேருவாரு. ஹூக்கர் நெனச்ச எடத்துல பார் மாத்துவாரு, 12ன்றதெல்லாம் அவருக்கு கிடையாது, வில்சன் மட்டும் ஒரு அடி பிசகாம கூடவே போவாரு, எப்படித்தான் போனாரோ. கடைசில மொத்த பேண்டும் வரும். ஆனா ஆல்பம் 1971ல வந்தப்ப வில்சன் இல்ல. 1970 செப்டம்பர் 3, வயசு 27, மாத்திரை அதிகமாகி, ஹைட் வீட்டுப் பின்னாடி மலைச்சரிவுல கெடந்தாரு. அட்டைப் படத்துல எல்லாரும் ரூம்ல இருப்பாங்க, சுவத்துல பாருங்க, வில்சன் போட்டோ மாட்டியிருக்கும்.

அதுக்கப்புறம் வர்ற காலத்தை ஓட்டிடலாம். 1981ல ஹைட் செத்துட்டாரு, 1997ல பாரிஸ்ல வெஸ்டைன், 2019ல லாரி டெய்லர். ஆளு மாறிக்கினே இருந்துச்சு, ஆனா 1967 கடைசில சேந்த டிரம்மர் ஃபிட்டோ டி லா பர்ரா, மெக்சிகோ சிட்டிக்காரரு, அவரு மட்டும் எறங்கவே இல்ல. பேண்டை இழுத்துக்கினு வர்றவரு அவர்தான். அதனால பின்னாடி வந்த ஆல்பம் எதை எடுத்தாலும் பாட்டை விட்டுட்டு டிரம்ஸைக் கேளுங்க.

கல்யாண மண்டபத்துல வாசிக்கிற நம்ம ஆர்கெஸ்ட்ரா பசங்களுக்கு மட்டும் ஒண்ணு. 1967ல டென்வர்ல இந்த பேண்டு கஞ்சா கேஸ்ல மாட்டினப்ப வக்கீல் செலவுக்கு கையில காசு இல்ல, 10,000 டாலருக்கு பாட்டோட பதிப்பு உரிமைய ரெக்கார்டு கம்பெனித் தலைவர்கிட்ட வித்துட்டாங்க. அதுக்கப்புறம்தான் ஹிட்டு மேல ஹிட்டு. சொந்தமா பாட்டு போட்டு யூட்யூப்ல ஏத்தறவங்க எந்த பேப்பர்லயும் கையெழுத்து போடறதுக்கு முன்னாடி வெவரம் தெரிஞ்ச யாருகிட்டயாவது காட்டுங்கப்பா.

ஆப்ல தேடறப்ப வருஷம் பாத்து போடுங்க, ஒரே பாட்டுக்கு பத்து வெர்ஷன் வரும், வில்சன் கொரல் வேணும்னா 1967லருந்து 1970 வரைக்கும் உள்ளதுதான். 2024ல வந்த ‘ஃபைனல் வைனல்’ கடைசியா வெச்சுக்கங்க, ஃபிட்டோ அடிக்கிறதை 1968 பாட்டோட ஒப்பிட்டுப் பாக்க நல்லா இருக்கும். அதுக்கு மேலயும் பசி இருந்தா 1970ல மண்டலும் டெய்லரும் கிளம்பிப் போய் சேந்த இங்கிலாந்து ப்ளூஸ்காரரு ஜான் மேயால் பக்கம் போங்க, ஆள் மாத்தறதுல இவங்களையே தூக்கி சாப்பிட்டவரு. ‘யூஎஸ்ஏ யூனியன்’லருந்து ஆரம்பிங்க, அதுல வயலின் இருக்கும், டிரம்ஸே கிடையாது, நீங்களே தொடைல தட்டிக்க வேண்டியதுதான்.