குங்ஸ்லேடன் மலைப்பாதை: செப்டம்பரில் முதன்முறை நடப்பவர்களுக்கு

அபிஸ்கோ ரயில் நிலையத்தில் இறங்கித் தெற்கே நடக்கத் தொடங்கினால், அடுத்த தார்ச்சாலையை நிக்காலுவோக்தாவில்தான் பார்ப்பீர்கள். இடையில் ஏறக்குறைய 105 கிலோமீட்டர். ஸ்வீடனின் வடகோடியில், ஆர்க்டிக் வட்டத்துக்கும் வடக்கே தொடங்கும் குங்ஸ்லேடன் பாதை தெற்கே ஹேமாவன் வரை 400 கிலோமீட்டருக்கு மேல் போகிறது. அதன் வடக்குத் துண்டில் நடந்து, சிங்கி என்ற இடத்தில் கிழக்கே திரும்பி வெளியேறுவதுதான் புதியவர்கள் வழக்கமாகப் போகும் வழி.

செங்குத்தான ஏற்றம் குறைவு, பாதையும் தெளிவு. தினமும் நான்கைந்து மணி நேரம் நடக்கப் பழகியவர் தாராளமாகப் போகலாம். திணற வைப்பவை ஈரமும் குளிரும், சாயங்காலம் குடிலில் என்ன செய்வதென்று தெரியாமல் நிற்பதும்தான். அதனால் இந்தப் பதிவில் நடப்பதைவிட மற்ற வேலைகளைப் பற்றியே அதிகம் சொல்லப் போகிறேன்.

படி 1: தேதியை முடிவு செய்யுங்கள்

செப்டம்பர் முதல் இரண்டு வாரம் அருமையான காலம். ஜூலையில் உயிரை வாங்கும் கொசு அநேகமாக ஓய்ந்திருக்கும். பூர்ஜ் (birch) மரங்கள் மஞ்சளாகி, தரையோடு படரும் குட்டைச் செடிகள் ரத்தச் சிவப்பாக மாறியிருக்கும். ஆனால் பகல் ஒவ்வொரு நாளும் ஏழெட்டு நிமிடம் குறையும். இரவில் உறைநிலைக்குக் கீழே போவது சாதாரணம், உயரத்தில் பனியும் விழலாம். ஸ்வீடன் சுற்றுலாச் சங்கம் நடத்தும் குடில்களை மாதத்தின் மூன்றாம் வாரவாக்கில் மூடிவிடுவார்கள். தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறும், பார்த்துக்கொண்டு படுக்கையை முன்பதிவு செய்யுங்கள்.

படி 2: நாளைப் பிரியுங்கள்

அபிஸ்கோவிலிருந்து முதல் குடிலான அபிஸ்கோயாவ்ரே 15 கிலோமீட்டர். அங்கிருந்து அலேஸ்யாவ்ரே 20க்குச் சற்று மேல், ஷேக்ட்யா 13, செல்கா 12, சிங்கி 12, கெப்னெகைசே மலை நிலையம் 14, நிக்காலுவோக்தா 19. ஏழு நாள். ஐந்து நாளில் முடிப்பவர்களும் உண்டு, ஆனால் முதன்முறை அந்த அவசரம் வேண்டாம். மழைக்காக ஒரு நாளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 3: பையைக் கட்டுங்கள்

குடிலில் தங்குவதானால் கூடாரம், அடுப்பு, பாத்திரம் எதுவும் வேண்டாம். மெத்தை, தலையணை, போர்வை அங்கேயே இருக்கும். விரித்துப் போர்த்த உங்கள் துணியுறை மட்டும் கொண்டுபோனால் போதும். சாப்பாட்டோடு சேர்த்துப் பை 10, 12 கிலோவுக்குள் அடங்கிவிடும்.

துணி விஷயத்தில் ஒரே ஒரு விதி. நடக்க ஒரு ஜோடி, குடிலில் போட ஒரு ஜோடி. குடில் ஜோடியைத் தண்ணீர் புகாத பையில் போட்டு இறுக்கிக் கட்டுங்கள். வெளியே எந்தக் காரணத்துக்காகவும் அதை எடுக்கக் கூடாது. மறுநாள் காலையில் நேற்றைய காலுறை பாதி ஈரமாகவே இருக்கும். அதைத்தான் மாட்ட வேண்டும். முதல் ஐந்து நிமிடம் கொடுமை, நடக்க நடக்கச் சூடாகிவிடும். 'இன்றைக்கு மட்டும்' என்று காய்ந்த காலுறையை எடுப்பவர் அன்று இரவு நடுங்குவார். பருத்தித் துணி வேண்டவே வேண்டாம், நனைந்தால் காயாது. மெரினோ கம்பளியோ பாலியஸ்டரோ எடுங்கள். ஜீன்ஸோடு வருபவர்களை இன்னும் பார்க்க முடிகிறது!

இத்துடன் மழைக்கோட்டும் மழைக்கால்சட்டையும், குல்லா, கையுறை, ஹெட் டார்ச், குடிலுக்குள் போட ஒரு லேசான செருப்பு. ஒரு காகித வரைபடமும் வேண்டும், வழியில் பெரும்பாலும் செல்பேசி சிக்னல் கிடையாது.

படி 4: காலை

ஏழு மணிக்கு எழுந்தால் ஒன்பதுக்குள் கிளம்பிவிடலாம். கஞ்சியோ உப்புமாவோ சூடாகச் சாப்பிடுங்கள், பிளாஸ்கில் வெந்நீர் நிரப்புங்கள். குதிகாலில் எங்கே உறுத்துகிறதோ அங்கே கொப்புளம் வருவதற்கு முன்பே பிளாஸ்டர் ஒட்டுங்கள். வந்த பிறகு ஒட்டுவது பாதிப் பயன்தான்.

படி 5: நடக்கும்போது

புதியவர்கள் குழம்பும் இடம் ஒன்று உண்டு. உயரமான கம்பங்களில் சிவப்புப் பெருக்கல் குறி வரிசையாகத் தெரியும். பார்த்ததும் அதன் பின்னாலேயே போகத் தோன்றும். அது பனிக்காலப் பாதை. பனிச்சறுக்கில் போகிறவர்களுக்காக உறைந்த ஏரி மேலும் சதுப்பு மேலும் நேராகப் போட்டது. செப்டம்பரில் அதைப் பிடித்துப் போனால் முழங்கால் சேற்றில் நிற்க வேண்டியதுதான். உங்களுக்கான அடையாளம் பாறைகளில் அடித்த சிவப்புப் பெயின்ட்டும், குவித்து வைத்த கற்களும், தேய்ந்த ஒற்றையடிப் பாதையும். இரண்டு பாதையும் பல இடங்களில் ஒன்றாகவே போகும், பிரியும் இடத்தில் மட்டும் கவனம்.

சதுப்பு நிலத்தில் இரட்டைப் பலகை போட்டிருப்பார்கள். காலையில் அதன் மேல் மெல்லிய உறைபனி படிந்திருக்கும். வேகத்தைக் குறைத்து, பாதத்தை முழுதாக ஊன்றி நடங்கள்.

தண்ணீரைச் சுமக்க வேண்டாம். ஓடும் ஓடையில் ஒரு குவளை மொண்டு அப்படியே குடிக்கலாம், தேங்கிய தண்ணீரைத் தவிர்த்தால் போதும். மணிக்கு ஒருமுறை பத்து நிமிடம் உட்காருங்கள். உட்கார்ந்ததும் முதல் வேலை, குளிருக்கு முன்பே ஜாக்கெட்டைப் போடுவது. கலைமான் (reindeer) கூட்டம் எதிர்ப்பட்டால் நின்றுவிடுங்கள். காட்டு விலங்கு மாதிரித் தெரிந்தாலும் ஒவ்வொன்றும் இந்தப் பகுதியின் பழங்குடிகளான சாமி (Sámi) மக்களுக்குச் சொந்தமானது. விரட்டினால் அவர்கள் பல நாள் மேய்த்துச் சேர்த்த மந்தை சிதறிப்போகும்.

படி 6: குடிலுக்கு வந்ததும்

குடிலில் மின்சாரம் இல்லை, குழாயும் இல்லை. பொறுப்பாளர் ஒருவர் இருப்பார், ஆனால் அவர் வேலைக்காரர் அல்ல. வேலையெல்லாம் தங்குகிறவர்களுடையது.

காலணியை வாசலிலேயே கழற்றுங்கள். பொறுப்பாளரிடம் பெயர் பதிந்து படுக்கையைக் காட்டச் சொல்லுங்கள். ஈரத்துணியை உலர்த்தும் அறையில் தொங்கவிட்டு, காய்ந்த ஜோடிக்கு மாறுங்கள். பிறகு உட்காராமல் வாளியைப் பாருங்கள். மூடி போட்டது குடிதண்ணீருக்கு, இன்னொன்று கழிவுக்கு. இரண்டையும் மாற்றிவிட்டால் மொத்தக் குடிலும் உங்களைத் திரும்பிப் பார்க்கும். குடிதண்ணீர் எடுக்கும் இடம் ஓடையின் மேல்பக்கம், குளிக்க, துவைக்கக் கீழ்பக்கம். கழிவுநீரைக் கொட்ட இடம் குறித்திருப்பார்கள். சோற்றுப் பருக்கையைத் தண்ணீரோடு வெளியே வீசாதீர்கள், எலி வரும்.

விறகுக் கொட்டகையில் பூர்ஜ் கட்டைகள் கிடக்கும். அறுக்க வாள், பிளக்கக் கோடாரி. கட்டையைத் தடித்த அடிமரத்தின் மேல் நிறுத்தி, கால்களை அகட்டி நின்று, விளிம்பிலிருந்து சிறுசிறு துண்டாகப் பிளந்து வாருங்கள். நடுவில் ஓங்கிப் போட்டால் கோடாரி சிக்கிக்கொள்ளும். பூர்ஜ் பட்டையை வீணாக்காதீர்கள், ஈரக் காற்றிலும் அது தீப்பிடிக்கும். கைப்பழக்கம் இல்லாதவர் பொறுப்பாளரிடம் கேட்டால் சந்தோஷமாகச் சொல்லித் தருவார். காலையில் கிளம்பும் முன் அறையைக் கூட்டி, வாளியை நிரப்பி, அடுத்து வருபவருக்கு ஒரு கூடை விறகு வைத்துவிட்டுப் போவது எழுதாத சட்டம்.

படி 7: சாப்பாடு

எரிவாயு அடுப்பும் பாத்திரமும் குடிலில் இருப்பது நமக்குப் பெரிய வசதி. என் பையில் எப்போதும் அரிசி, ஒரு சிறு புட்டியில் புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, அவல், வறுத்த ரவையில் கலந்த உப்புமா மாவு. நெடுநாள் நடையில் இரண்டாம் நாளிலிருந்து இனிப்புப் பட்டைகளை (எனர்ஜி பார்) கண்டாலே வாய் கசக்கும். அப்போது சுடுசோற்றில் புளிக்காய்ச்சல் கிடைப்பதற்கு ஈடில்லை. அபிஸ்கோயாவ்ரே, அலேஸ்யாவ்ரே, செல்காவில் சிறிய கடை உண்டு. சீசன் முடிவில் அலமாரி காலியாக இருக்கலாம், அதை நம்பிக் குறைவாக எடுத்துப் போகாதீர்கள். குப்பையைத் திரும்பச் சுமக்க வேண்டும்.

இந்த மூன்று இடத்திலும் விறகில் சூடாக்கும் சவுனா (வெப்பக் குளியல் அறை) இருக்கிறது. பெண்களுக்கு ஒரு நேரம், ஆண்களுக்கு ஒரு நேரம், சேர்ந்து போக ஒரு நேரம் என்று எழுதிப் போட்டிருப்பார்கள். கூச்சப்படாமல் போய்வாருங்கள், கால்வலிக்கு வேறு மருந்தே வேண்டாம்.

கழிப்பறை வெளியே, சற்றுத் தள்ளி. நள்ளிரவில் போக நேர்ந்தால் ஹெட் டார்ச்சை ஒரு நிமிடம் அணைத்து வானத்தைப் பாருங்கள். மேகமில்லாத இரவில் வடதுருவ ஒளி தெரிய நல்ல வாய்ப்பு உண்டு.

படி 8: கணவாய் நாள்

வழியிலேயே உயரமான இடம் ஷேக்ட்யா கணவாய், சுமார் 1,150 மீட்டர். உயரம் பெரிதில்லை, ஆனால் இரு பக்கமும் கல்மேடு, காற்றைத் தடுக்க ஒன்றும் இல்லை. முந்தின இரவே பொறுப்பாளரிடம் வானிலை கேளுங்கள். 'நாளைக்கு வேண்டாம்' என்றால் வாதாடாமல் தங்கிவிடுங்கள். கணவாயில் சிறிய காப்பறை ஒன்று உண்டு, ஒதுங்கிச் சாப்பிடலாம். ஆபத்துக் காலம் தவிர இரவு தங்கக் கூடாது. அதைத் தாண்டியதும் கீழே நீண்ட பள்ளத்தாக்கு விரியும். இறக்கத்தில் கைத்தடியைக் கொஞ்சம் நீட்டிக்கொண்டால் முழங்கால் தப்பிக்கும்.

படி 9: வெளியே வருவது

கெப்னெகைசே நிலையத்தில் உணவகமும் மின்சாரமும் உண்டு. உடம்பு தாங்கினால் ஒரு நாள் தங்கி ஸ்வீடனின் மிக உயரமான மலையான கெப்னெகைசேயின் உச்சியைப் பார்க்க ஆசை வரும். பனி மூடிய தென்சிகரம் உருகித் தாழ்ந்ததால் 2019 முதல் வடசிகரமே உயரமானது. செப்டம்பரில் இரண்டுமே புதியவர்களுக்கான இடமல்ல, வழிகாட்டி இல்லாமல் ஏறாதீர்கள்.

கடைசி 19 கிலோமீட்டரில் ஐந்தாறு கிலோமீட்டரை லத்யோயாவ்ரே ஏரிப் படகில் கடக்கலாம். அதில் ஏறினால் நடந்த கணக்கு குறையும் என்பார்கள் சிலர். காலில் கொப்புளம் வந்தவர் ஏறட்டும். நிக்காலுவோக்தாவிலிருந்து கிரூனா நகருக்குப் பேருந்து அடிக்கடி ஓடாது. நேரத்தை அபிஸ்கோவில் சிக்னல் இருக்கும்போதே பார்த்துக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.