புரோச்சிதா தீவுக்கு ஒரு நாள் பயணம்: நேப்பிள்ஸிலிருந்து போய்வரத் திட்டமிடும் முறை

நேப்பிள்ஸ் வளைகுடாவின் மேற்கு வாயிலில் இருக்கும் புரோச்சிதா, ஏறத்தாழ 4 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள சிறிய எரிமலைத் தீவு. அந்தச் சிறு நிலத்தில் சுமார் 10,000 பேர் வாழ்கிறார்கள். 2022இல் அது இத்தாலியின் பண்பாட்டுத் தலைநகராக இருந்தது. ஒரு தீவுக்கு அந்தச் சிறப்பு கிடைத்தது அதுவே முதன்முறை. நானும் அம்மாவும் நேப்பிள்ஸில் தங்கியிருந்த நாள்களில் ஒன்றை இந்தத் தீவுக்கென ஒதுக்கியிருந்தோம். அன்று கப்பலைத் தவறவிட்டோம்; மறுநாள்தான் போக முடிந்தது. எங்கே பிசகினோம் என்பது விளங்கிய பிறகு பயணத்தில் ஒரு சிக்கலும் இருக்கவில்லை. முதன்முறை போகிறவர்களுக்கு அந்த ஒரு நாளாவது மிஞ்சட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். விசா, தங்குமிடம் ஆகியவை முடிந்துவிட்டன என்று எடுத்துக்கொண்டு நேரடியாகத் தொடங்குகிறேன்.

படி 1: நாளைத் தேர்ந்தெடுங்கள்

படகு நேர அட்டவணையில் இரண்டு சொற்கள் உங்கள் கண்ணில் படும். ‘ஃபெரியாலே’ என்றால் வேலைநாள். சனிக்கிழமையும் அதில் அடங்கும். ‘ஃபெஸ்தீவோ’ என்றால் ஞாயிறும் அரசு விடுமுறைகளும். முதல் சொல்லைப் பார்த்ததும் விடுமுறை நாள் என்று நான் பொருள்கொண்டிருந்தேன். அகராதியைப் புரட்டிய பிறகே அது நேர்மாறானது என்று தெரிந்தது. வசந்தகாலத்தில் போகிறவர்கள் ஏப்ரல் 25, மே 1, ஜூன் 2 ஆகிய மூன்றும் விடுமுறை நாள்கள் என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். அந்த நாள்களில் நேப்பிள்ஸ் மக்களே கூட்டமாகத் தீவுகளுக்குக் கிளம்புவார்கள். புனித வெள்ளியன்று காலையில் புரோச்சிதாவில் ‘மிஸ்தெரி’ ஊர்வலம் நடக்கும். தீவின் இளைஞர்கள் தாங்களே செய்த, விவிலியக் காட்சிகளைச் சித்திரிக்கும் பெரிய உருவமேடைகளைத் தோளில் சுமந்து வருவார்கள். அதைப் பார்க்க விரும்பினால் முந்தைய நாளே தீவில் தங்குவது நல்லது.

வேலைநிறுத்தத்தையும் பார்த்துவிடுங்கள். இத்தாலியில் 1990ஆம் ஆண்டின் 146ஆம் எண் சட்டப்படி, பொதுப் போக்குவரத்தில் வேலைநிறுத்தம் செய்வோர் குறைந்தது 10 நாள் முன்னதாக அறிவிக்க வேண்டும். போக்குவரத்து அமைச்சகத்தின் இணையதளத்தில் அந்தப் பட்டியல் இருக்கும். ‘ஷோப்பெரோ’ என்ற சொல்லைத் தேடினால் போதும். காற்றுக்கு நான் விண்டி செயலியையே நம்புகிறேன். தென்மேற்கிலிருந்து ‘லிபேச்சோ’ காற்று வலுத்து வீசினால், முதலில் ரத்தாவது சிறிய விரைவுப் படகுகள்தான்; பெரிய கப்பல்கள் அதற்குப் பிறகும் சிறிது தாக்குப்பிடிக்கும்.

படி 2: திரும்பும் படகை முதலில் முடிவுசெய்யுங்கள்

போகும் நேரத்தை முதலில் பார்ப்பதுதான் எல்லோருக்கும் இயல்பு. நான் சொல்வது, தாளில் முதல் வரியாகத் திரும்பும் படகின் நேரத்தை எழுதுங்கள் என்பதே. கடைசிப் படகைத் தேர்ந்தெடுக்காமல் அதற்கு முந்தையதைத் தேர்ந்தெடுங்கள். அது ரத்தானாலும் இன்னொன்று மிச்சமிருக்கும். அங்கிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு, தீவில் குறைந்தது ஆறு மணி நேரம் கிடைக்குமாறு போகும் படகைக் குறியுங்கள். நேரங்களைப் படகு நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் மட்டுமே பார்க்கிறேன். பல நிறுவனங்களின் சீட்டுகளை ஒரே இடத்தில் விற்கும் தளங்கள் விலையை ஒப்பிட உதவும். ஆனால் படகு எந்தத் துறையிலிருந்து கிளம்புகிறது என்பதை அவற்றில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. இந்தப் பயணத்தில் அதைவிட முக்கியமான செய்தி வேறில்லை.

படி 3: எந்தத் துறை?

நாங்கள் தவறியது இங்கேதான். ஆகவே விரிவாகச் சொல்கிறேன்.

நேப்பிள்ஸ் துறைமுகத்தில் புரோச்சிதாவுக்குப் படகு கிளம்பும் துறைகள் இரண்டு. ஒன்று மோலோ பெவெரெல்லோ. நகரின் நடுவே வட்டக் கோபுரங்களோடு நிற்கும் காஸ்தெல் நுவோவோ கோட்டைக்கு எதிரே, மெட்ரோ 1ஆம் தடத்தின் முனிச்சிப்பியோ நிலையத்துக்கு அருகில் இருக்கிறது. இங்கிருந்து ‘அலிஸ்காஃபோ’ எனப்படும் விரைவுப் படகுகள் கிளம்பும். சுமார் 40 நிமிடத்தில் தீவை அடையலாம். இன்னொன்று காலாத்தா போர்த்தா தி மாஸ்ஸா. இங்கிருந்து வண்டிகளையும் ஏற்றிச் செல்லும் பெரிய கப்பல்கள் கிளம்பும். அவற்றை ‘திராகெத்தோ’ என்றும் ‘நாவே’ என்றும் குறிப்பார்கள். பயண நேரம் சுமார் ஒரு மணி. இரண்டு துறைகளுக்கும் இடையே ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தூரம் உண்டு. பெரிய சுற்றுலாக் கப்பல்கள் வந்து நிற்கும் கடல்நிலையக் கட்டடம் நடுவில் இருப்பதால், ஒன்றிலிருந்து பார்த்தால் மற்றொன்று தெரியாது.

நான் வாங்கியிருந்தது பெரிய கப்பலுக்கான சீட்டு. படித்த குறிப்புகள் எல்லாம் ‘தீவுகளுக்குப் பெவெரெல்லோ’ என்றே சொன்னதால், அம்மாவை அழைத்துக்கொண்டு அரை மணி நேரம் முன்னதாகவே அங்கே போய் நின்றேன். வாயிலில் சீட்டைப் பார்த்தவர், ‘நாப்போலி’ என்ற ஊர்ப்பெயருக்குப் பக்கத்தில் சுருக்கமாக அச்சிட்டிருந்த ‘பி. மாஸ்ஸா’ என்ற எழுத்துகளைச் சுட்டிக்காட்டிக் கிழக்குப் பக்கம் கைநீட்டினார். கப்பல் கிளம்பப் பதினைந்து நிமிடமே இருந்தது. அம்மாவுக்கு மூட்டுவலி, வேகமாக நடக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கப்பலின் பின்கதவு மேலே ஏறிவிட்டிருந்தது.

எனவே சீட்டு வாங்கியதும் ஊர்ப்பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் துறைப்பெயரைப் படியுங்கள். கைப்பேசி வரைபடத்தில் ‘நேப்பிள்ஸ் துறைமுகம்’ என்று தேடாமல், அந்தத் துறையின் முழுப்பெயரை இட்டுத் தேடுங்கள். போர்த்தா தி மாஸ்ஸாவுக்குப் போக முனிச்சிப்பியோவில் இறங்க வேண்டாம். அதற்குப் பக்கத்து நிலையமான ‘உனிவெர்சித்தா’வில் இறங்கிக் கடலை நோக்கி நடப்பதே கிட்டம்.

இரண்டில் எது நல்லது என்று கேட்டால், போகும்போது பெரிய கப்பல், திரும்பும்போது விரைவுப் படகு என்பேன். விரைவுப் படகில் பெரும்பாலும் மூடிய அறைக்குள் உட்கார்ந்திருக்க வேண்டும். குமட்டல் வருகிறவர்களுக்கு அது சிரமம். பெரிய கப்பலின் திறந்த மேல்தளத்தில் நின்றால் வெசூவியஸ் எரிமலை மெல்லப் பின்வாங்குவதையும், பொசிலிப்போ குன்றும் மிசேனோ முனையும் வலப்பக்கம் ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்துபோவதையும் பார்க்கலாம். அந்த ஒரு மணி நேரத்தை நான் பயணத்தின் பகுதியாகவே கருதுகிறேன். மாலையில் களைத்துத் திரும்பும்போது பெவெரெல்லோவில் இறங்கினால் மெட்ரோ அருகிலேயே இருக்கிறது.

மூன்றாவது வழி: பொட்ஸுவோலி

நேப்பிள்ஸுக்கு மேற்கே உள்ள பொட்ஸுவோலி ஊரிலிருந்தும் கப்பல்கள் போகின்றன; தூரமும் குறைவு. மொந்தேசாந்தோ நிலையத்திலிருந்து கும்மானா ரயிலில் போனால் பொட்ஸுவோலி துறைமுகத்துக்கு அருகிலேயே இறங்கலாம். மெட்ரோ 2ஆம் தடத்தில் வந்தால் மேட்டிலுள்ள நிலையத்திலிருந்து கீழ்நோக்கி நடக்க வேண்டும்.

ஆனால் இந்த ஊர் நிற்பதே ஓர் எரிமலை வாயின் மேல். இங்கே நிலம் மெல்ல உயர்வதும் தாழ்வதுமாக இருக்கிறது. 1982 முதல் 1984க்குள் மட்டும் சுமார் 1.8 மீட்டர் உயர்ந்தது. 2005 முதல் மறுபடி உயர்ந்துவருகிறது. இதனால் துறைமுகத்தின் சிறு படகுத்துறையில் தண்ணீர் வடிந்து தரை தெரிகிறது. 2024 மே 20 அன்று 4.4 அளவில் நடுக்கம் வந்ததைப் போன்ற நாள்களில், தண்டவாளத்தைச் சோதிக்க ரயில்களை நிறுத்திவிடுவார்கள். ஆகவே பொட்ஸுவோலி வழியை மாற்றுத் திட்டமாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் திட்டமாக வேண்டாம். அப்படிப் போக நேர்ந்து, கப்பலுக்கு நேரமிருந்தால், துறைமுகத்துக்குப் பக்கத்திலுள்ள ரோமானியச் சந்தையின் இடிபாட்டைத் தவறாமல் பாருங்கள். செராபிஸ் கோயில் என்று முன்பு தவறாக எண்ணப்பட்ட அந்த இடத்தில் நிற்கும் மூன்று பளிங்குத் தூண்களின் நடுப்பகுதியில் கடல்சிப்பிகள் துளைத்த ஓட்டைகள் இருக்கின்றன. தூண்கள் நிலத்தோடு கடலுக்குள் தாழ்ந்து மறுபடி மேலேறியதற்கு அவையே சாட்சி. நிலவியலாளர் சார்லஸ் லயல் 1830இல் வெளியிட்ட தமது நிலவியல் நூலின் முகப்பில் அந்தத் தூண்களின் படத்தைத்தான் வைத்தார்.

படி 4: தீவில் எந்த வரிசையில் பார்ப்பது

படகுகள் எல்லாம் மரீனா கிராந்தே துறைமுகத்தில்தான் நிற்கும். இறங்கியதும் பலர் முதலில் கடற்கரைக்குப் போகிறார்கள். நான் காலையில் மேடு, மதியம் மீனவர் குடியிருப்பு, மாலையில் கடற்கரை என்ற வரிசையைப் பரிந்துரைக்கிறேன். அந்த மீனவர் குடியிருப்பான கொர்ரிச்செல்லா தென்கிழக்கைப் பார்த்து இருப்பதால், காலை வெயிலில்தான் அதன் இளஞ்சிவப்பும் மஞ்சளும் நீலமுமான சுவர்கள் முழு நிறத்தில் தெரியும். மேலிருந்து அதைப் பார்ப்பதற்கான நேரம் அதுவே.

துறைமுகத்திலிருந்து ஏறும் சாலை, தியாகிகள் சதுக்கத்துக்குக் கொண்டுசேர்க்கும். 1799இல் நேப்பிள்ஸ் குடியரசை ஆதரித்ததற்காகக் கொல்லப்பட்ட தீவினரின் நினைவாக வந்த பெயர் அது. அங்கிருந்து இன்னும் மேலே போனால், இரண்டு பழைய பீரங்கிகள் கடலைப் பார்த்து நிற்கும் வளைவில் கொர்ரிச்செல்லா முழுவதும் கண்முன் விரியும். அதையும் தாண்டினால் தீவின் மிக உயர்ந்த இடமான தெர்ரா முராத்தா. உயரம் சுமார் 90 மீட்டர்தான் என்றாலும் ஏற்றம் செங்குத்தானது. அங்கேயுள்ள தாவலோஸ் அரண்மனை 1830 முதல் 1988 வரை சிறையாக இருந்தது. வழிகாட்டியுடன் மட்டுமே உள்ளே போக முடியும் என்பதால் முன்பதிவு செய்துகொள்ளுங்கள். நேரம் குறைவாக இருந்தால் அதை விட்டுவிட்டு, புனித மிக்கேல் மடத்துக் கோயிலுக்குள் போய்வரலாம்.

மூட்டுவலி உள்ளவர்களோடு போனால் மேலே ஏறுவதற்கு மட்டும் வண்டி பிடியுங்கள். இறங்குவதை மெல்ல நடந்து செய்யலாம். பேருந்துச் சீட்டைப் புகையிலைக் கடைகளில் முன்பே வாங்கிக்கொள்ளுங்கள். தீவின் குறுகிய சந்துகளில் ஓடும் மூன்று சக்கர வண்டிகளைக் கண்டதும் அம்மா, “நம்ம ஊர் ஆப்பே மாதிரியே இருக்கே!” என்றார். இரண்டும் ஒரே குடும்பந்தான்: பியாஜியோ நிறுவனம் 1948இல் இத்தாலியில் முதன்முதலாகச் செய்த ‘ஆப்பே’ வண்டிதான் பின்னாளில் நம் ஊருக்கும் வந்தது. அந்த இத்தாலியச் சொல்லுக்குத் தேனீ என்று பொருள்.

கொர்ரிச்செல்லாவுக்குள் வண்டி எதுவும் போகாது. படிக்கட்டு வழியாகத்தான் இறங்க வேண்டும். கீழே மீன்வலைகளும், வளைவுகள் தாங்கிய வெளிப்படிக்கட்டுகளும், ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிய வீடுகளும் இருக்கும். இறங்கிய படிகளை மறுபடி ஏற வேண்டும் என்பதை நினைவில் வைத்து, மதிய உணவை அங்கேயே வைத்துக்கொண்டு நன்றாக ஓய்வெடுங்கள். ஒன்றரை மணி முதல் நான்கு, நான்கரை வரை கடைகள் பல மூடியிருப்பதால் அந்த நேரத்தில் அலைவதும் வீண்.

சைவ உணவுக்காரர்களுக்கு இந்தத் தீவின் எலுமிச்சை சாலட் பெரிய ஆறுதல். இங்குள்ள எலுமிச்சையின் வெள்ளைச் சதை விரலளவு தடித்திருக்கும். மேல்தோலை மட்டும் சீவிவிட்டு, சதையைத் துண்டுகளாக்கி, புதினா, மிளகாய், ஆலிவ் எண்ணெய் சேர்த்துப் பிசறித் தருவார்கள். கசக்கும் என்று நான் தயங்கினேன், சற்றும் கசக்கவில்லை. உணவு சொல்லும்போது “செந்த்ஸா கார்னே, செந்த்ஸா பெஷே” என்று சொல்லுங்கள். இறைச்சியும் மீனும் வேண்டாம் என்று பொருள். மீனை இறைச்சிக் கணக்கில் சேர்க்காதவர்கள் உண்டு என்பதால் இரண்டையும் சொல்வது அவசியம்.

மாலையில் பேருந்து ஏறித் தீவின் மறுகோடியிலுள்ள கியாயோலெல்லாவுக்குப் போகலாம். அரைவட்டமான அந்த விரிகுடா, உடைந்துபோன ஓர் எரிமலை வாயின் மிச்சம். அங்கிருந்து விவாரா என்ற குட்டித் தீவுக்குப் பாலம் போகிறது. அது இயற்கைக் காப்பகம் என்பதால், முன்பதிவு இல்லாமல் பாலத்தைக் கடந்து உள்ளே போக முடியாது.

படி 5: திரும்பும்போது

படகுக்கு அரை மணி முன்னதாகத் துறைமுகத்தில் இருங்கள். புறப்படும் முன், எலுமிச்சைக் கிரீம் நிரப்பிய ‘லிங்குவா’ என்ற மொறுமொறுப்பான நீளப் பலகாரத்தைத் துறைமுகத்து அடுமனையில் வாங்கிக்கொள்ளுங்கள். பெவெரெல்லோ, போர்த்தா தி மாஸ்ஸா, பொட்ஸுவோலி, பக்கத்துத் தீவான இஸ்கியா என நான்கு இடங்களுக்குமான படகுகள் இந்த ஒரே துறைமுகத்தில் அடுத்தடுத்து வந்து நிற்கும். கூட்டம் நகர்கிறதே என்று ஏறிவிடாமல், ஏறுமுன் ஊழியரிடம் துறையின் பெயரைச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பின்சேர்க்கை: இதைப் படித்துவிட்டுப் போன வாசகர் ஒருவர், போகும் வழியில் இறங்கத் தவறி இஸ்கியா வரை போய்விட்டதாக எழுதியிருக்கிறார். நான் சொல்ல விட்டுப்போன செய்தி இது. நேப்பிள்ஸிலிருந்து வரும் படகுகளில் பல, புரோச்சிதாவில் சில நிமிடங்களே நின்று இஸ்கியாவுக்குப் போகும். கிளம்பி அரை மணி ஆனதும் பைகளை எடுத்துக்கொண்டு கதவுப் பக்கம் போய்விடுங்கள். இடப்பக்கம் உயரமான பாறைமேட்டின் உச்சியில் பழைய சிறைக் கட்டடம் தெரிந்தால், அடுத்து இறங்க வேண்டியது நீங்கள்தான்.