செகண்ட் ஹேண்ட் எலெக்ட்ரிக் டர்ட் பைக் வாங்குவது எப்படி? வேலூர்ப் பக்கத்துப் புதியவர்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

பெட்ரோல் வண்டியைப் பழசாக வாங்க நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஸ்டார்ட் செய்து சத்தம் கேட்போம், சைலன்சரில் புகை வருகிறதா என்று பார்ப்போம், தெரிந்த மெக்கானிக்கைக் கூடவே கூட்டிப் போவோம். மண் பாதையிலும் மேடு பள்ளத்திலும் ஓட்டுவதற்கான எலெக்ட்ரிக் டர்ட் பைக்கில் இந்த வித்தை எதுவும் செல்லாது. பேட்டரி பாதி செத்துப்போன வண்டியும், முழுத் தெம்போடு இருக்கும் வண்டியும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். அதனால் நான் எல்லோரிடமும் வற்புறுத்திச் சொல்வது ஒன்றுதான்: பேட்டரியை அளந்து பார்க்காமல் அட்வான்ஸ்கூடக் கொடுக்காதீர்கள். எப்படி அளப்பது என்பதைத்தான் இங்கே விரிவாகச் சொல்லப்போகிறேன். மற்ற படிகள் சுருக்கமாகவே இருக்கும்.

படி 1: எங்கே ஓட்டப் போகிறீர்கள்?

இதை முடிவு செய்யாமல் வண்டி தேடக் கூடாது. சர்ரான் லைட் பீ, டலாரியா ஸ்டிங் மாதிரி வெளிநாட்டு வண்டிகள் 50 கிலோ சொச்சம் எடையில், சைக்கிளுக்கும் பைக்குக்கும் நடுவில் இருக்கும். நம் நாட்டில் 250 வாட்டுக்குக் குறைந்த மோட்டாரும் மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மிகாத வேகமும் உள்ள வண்டிக்கு மட்டும்தான் பதிவு தேவையில்லை. இந்த டர்ட் பைக்குகள் பல ஆயிரம் வாட் இழுப்பவை. ஆர்.சி. இல்லாத அப்படிப்பட்ட வண்டியைப் பொதுச் சாலையில் ஓட்டுவது சட்டப்படி குற்றம். இன்சூரன்சும் கிடையாது. "எலெக்ட்ரிக் வண்டிக்கு ஆர்.சி.யே வேண்டாம் சார்" என்று விற்பவர் சொன்னால் நம்பாதீர்கள்.

சொந்தமாகத் தோப்போ கொல்லையோ இருக்கிறவர்கள், தெரிந்தவர் பட்டா நிலத்தில் அனுமதி வாங்கி ஓட்டக்கூடியவர்கள் இந்த வகையை வாங்கலாம். வீட்டிலிருந்து ஓட்டிக்கொண்டு போய், மண் பாதையில் இறங்கி, அப்படியே திரும்பி வர வேண்டும் என்றால் பச்சை நம்பர் பிளேட் உள்ள வண்டிதான் வேண்டும். அல்ட்ராவயலெட் நிறுவனம் 2025 மார்ச்சில் அறிவித்த ஷாக்வேவ் அந்த வகை. அது இன்னும் புதுசு என்பதால் பழைய சந்தையில் எளிதில் கிடைக்காது.

ஜவ்வாது மலை, அமிர்தி, பேரணாம்பட்டுப் பக்கத்துக் காடுகளை மனதில் வைத்து வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழைவதே குற்றம். சத்தம் வராத வண்டிதானே என்ற சமாதானம் அங்கே எடுபடாது.

படி 2: போனிலேயே கேட்க வேண்டியவை

விற்பவர்கள் பெரும்பாலும் பெங்களூரிலோ சென்னையிலோதான் இருப்பார்கள். அவ்வளவு தூரம் கிளம்பும் முன் போனில் கேட்டுவிடுங்கள். பேட்டரி வண்டியோடு வந்ததா, பிறகு மாற்றியதா? தயாரிப்பு வருடம் என்ன? ஒரிஜினல் சார்ஜர் இருக்கிறதா? வண்டி இத்தனை நாள் எங்கே நின்றது?

கடைசிக் கேள்வியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். லித்தியம் பேட்டரிக்குச் சூடு ஒத்துக்கொள்ளாது. முழு சார்ஜில் மாதக்கணக்காக நிற்பதும் ஆகாது. இரண்டும் சேர்ந்தால் ஓடாமலேயே பேட்டரி வயதாகிவிடும். நம் ஊர் கத்திரி வெயிலில் தகர ஷெட்டுக்குள், நூறு சதவீதம் சார்ஜோடு ஒரு கோடை முழுக்க நின்ற வண்டியைவிட, வாராவாரம் ஓடி, பாதி சார்ஜில் வீட்டுக்குள் நின்ற வண்டி எவ்வளவோ மேல். "ஓட்டவே இல்லை, புதுசு மாதிரி இருக்கு" என்ற பேச்சில் மயங்காமல், ஓட்டாத காலத்தில் எத்தனை சதவீதத்தில் வைத்திருந்தார் என்று கேளுங்கள்.

படி 3: காகிதம்

பதிவான வண்டி என்றால் மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் வண்டி நம்பரைப் போட்டுப் பாருங்கள். கடன் பாக்கி இருந்தால் அதிலேயே தெரியும். பெயர் மாற்றத்துக்கு படிவம் 29, 30. கடன் அடைத்ததற்கு படிவம் 35. கர்நாடக வண்டி என்றால் அங்கிருந்து என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வாங்க படிவம் 28. வேலூருக்கு டி.என். 23, ராணிப்பேட்டைக்கு டி.என். 73. 2019-இல் மாவட்டம் பிரிந்த பிறகு உங்கள் முகவரி எந்த ஆர்.டி.ஓ. எல்லைக்குள் வருகிறது என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்.

பதிவில்லாத இறக்குமதி வண்டி என்றால் வாங்கிய பில், சுங்க வரி கட்டிய ரசீது, இரண்டையும் கேளுங்கள். ஹேண்டில் பாருக்குக் கீழே ஃபிரேமில் பொறித்திருக்கும் சேஸ் நம்பர் பில்லில் உள்ளதோடு பொருந்த வேண்டும். நம்பர் தேய்க்கப்பட்டிருந்தால் பேரம் பேசாமல் திரும்பி வந்துவிடுங்கள்.

படி 4: பேட்டரியை அளப்பது

இதற்கு ஒரே ஒரு கருவி போதும். சுவர் பிளக்கில் செருகி, அதன்மேல் சார்ஜரைச் செருகும் வாட் மீட்டர். எத்தனை யூனிட் கரன்ட் உள்ளே போனது என்று அது காட்டும். ஆன்லைனில் எளிதாகக் கிடைக்கிறது.

விற்பவரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்: "அண்ணே, வண்டி தானாகப் பவர் குறைக்கிற அளவுக்கு ஓட்டி, சார்ஜை இறக்கி வையுங்க. நாங்க காலையில வந்து சார்ஜ் போட்டுப் பார்க்கிறோம்." நல்ல பேட்டரி வைத்திருப்பவர் இதற்குத் தயங்க மாட்டார். மழுப்பினால் அதையே பதிலாக எடுத்துக்கொள்ளலாம்.

இப்போது கணக்கு. பேட்டரிமேல் 60 வோல்ட், 40 ஆம்பியர்-மணி என்று எழுதியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் பெருக்கினால் 2,400 வாட்-மணி, அதாவது 2.4 யூனிட். சார்ஜர் சூடாவதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு வீணாகும். ஆகவே அடி மட்டத்திலிருந்து முழுசாக ஏற, சுவரிலிருந்து 2.6 அல்லது 2.7 யூனிட் இழுக்க வேண்டும். மீட்டர் 1.9-இலேயே நின்று, சார்ஜரில் பச்சை விளக்கும் எரிந்துவிட்டால், பேட்டரியில் எழுதியிருப்பதில் 70 சதவீதம்தான் மிச்சம். டிஸ்பிளேயில் தெரியும் சதவீதத்தை வைத்து இந்தக் கணக்கைப் போடாதீர்கள். பல வண்டிகளில் அது வோல்ட்டை வைத்துக் குத்துமதிப்பாகக் காட்டுவது.

சார்ஜ் ஏற மூன்று, நான்கு மணி நேரம் ஆகும். அந்த நேரத்தில் சார்ஜரைத் திருப்பி, அதன் ஸ்டிக்கரைப் படியுங்கள். 60 வோல்ட் பேட்டரி என்று பொதுவாகச் சொன்னாலும் உள்ளே 16 வரிசை செல் இருந்தால் முழு சார்ஜ் 67.2 வோல்ட், 17 வரிசை என்றால் 71.4 வோல்ட். ஒரு வரிசைக்கு 4.2 வோல்ட், அவ்வளவுதான் கணக்கு. 16 வரிசை பேட்டரியோடு 71.4 வோல்ட் சார்ஜரைக் கொடுத்தால் அது தீ விபத்துக்கு வழி. சார்ஜரும் பேட்டரியும் பொருந்தாத வண்டி வேண்டவே வேண்டாம்.

வெளியில் கட்டிய பேட்டரி என்றால் பெரும்பாலும் அதன் பி.எம்.எஸ். (செல்களைக் கண்காணிக்கும் சர்க்யூட்) புளூடூத் வழியாக மொபைல் ஆப்பில் ஒவ்வொரு வரிசையின் வோல்ட்டையும் காட்டும். முழு சார்ஜில் எல்லாம் சமமாகத் தெரியும். அதைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. சார்ஜ் இறங்கிய நிலையில் பாருங்கள். எல்லாம் 3.3-இல் இருக்க ஒன்று மட்டும் 3.0-இல் கிடந்தால், அந்த வரிசை பலவீனமானது. மொத்த பேட்டரியும் அதோடு படுத்துவிடும்.

படி 5: வண்டியைப் பார்ப்பது

சார்ஜ் ஏறுகிற நேரத்திலேயே இதையும் முடித்துவிடலாம். முன் சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலைத் திருப்பிப் பாருங்கள், நடுவில் தட்டினால் கோன் செட் (ஹேண்டில் கழுத்து பேரிங்) போய்விட்டது. பின் சக்கரத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினால் ஸ்விங் ஆர்ம் (பின் சக்கரத்தைத் தாங்கும் கை) புஷ் தேய்மானம் கையில் தெரியும். முன் சக்கர போர்க்கில் எண்ணெய்க் கசிவு, ரிம் பெண்டு, தளர்ந்த ஸ்போக், கொக்கி மாதிரி வளைந்த ஸ்ப்ராக்கெட் பல், ஹேண்டில் கழுத்துப் பக்கம் வெல்டிங்கில் விரிசல்: விரிசல் தவிர மற்றதெல்லாம் செலவு செய்தால் சரியாகிவிடும்.

கனெக்டர்களைக் கட்டாயம் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். டர்ட் பைக்கை ஓட்டி முடித்ததும் பலர் பிரஷர் வாட்டரில் அடித்துக் கழுவுவார்கள். தண்ணீர் உள்ளே போயிருந்தால் செம்பு முனையில் பச்சைக் களிம்பு பிடித்திருக்கும். முனையைச் சுற்றி பிளாஸ்டிக் பழுப்பேறி லேசாக உருகியிருந்தால், அதன் வழியாக அதிகக் கரன்ட் போய்ச் சூடேறியிருக்கிறது என்று பொருள். மோட்டாருக்குப் போகும் கரன்ட்டைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலரை மாற்றிப் பவர் கூட்டினீர்களா என்று அப்போது கேளுங்கள்.

படி 6: ஓட்டிப் பார்ப்பது

முழு சார்ஜ் ஆனதும் ஒரு மேடான மண் பாதையில் முழு ஆக்சிலரேட்டர் கொடுத்து ஏற்றுங்கள். டிஸ்பிளேயில் வோல்ட் இறங்குவது இயல்பு. திடீரென்று பத்து வோல்ட் சரிந்து, வண்டியும் தானே பவரைக் குறைத்துக்கொண்டால் பேட்டரி தளர்ந்துவிட்டது. "ஒரு சார்ஜுக்கு 70 கிலோமீட்டர் ஓடும்" என்பார்கள். எந்த மோடில், எந்தத் தரையில் என்று கேளுங்கள். சமதளத்தில், பவரைக் குறைத்து சார்ஜை மிச்சப்படுத்தும் ஈகோ மோடில் கிடைக்கும் தூரத்தில் பாதிகூடப் பாலாற்று மணல் மாதிரி இளகின தரையில் கிடைக்காது. மோட்டாரிலிருந்து கரகரவென்று அரைபடும் சத்தம் வந்தால் பேரிங் போயிருக்கிறது.

படி 7: விலை

அதே மாடலுக்குப் புது பேட்டரி என்ன விலை, இங்கே வரவழைக்க முடியுமா என்று விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். பேட்டரி இல்லாத வண்டிக்கு ஒரு விலை போடுங்கள். அதோடு புது பேட்டரி விலையில் நீங்கள் அளந்த சதவீதத்தைச் சேருங்கள். 70-க்குக் கீழே வந்தால் நான் பேட்டரிக்கு ஒன்றும் தர மாட்டேன். சீக்கிரமே மாற்ற வேண்டி வரும்.

படி 8: வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு

ஆர்.சி. இல்லாத வண்டியைக் குட்டி யானையில் ஏற்றி, படுக்க வைக்காமல் நிறுத்திக் கட்டிக் கொண்டுவாருங்கள்.

சார்ஜ் போடும் இடத்தை முதலிலேயே தீர்மானியுங்கள். 2022 மார்ச்சில் நம் வேலூரிலேயே, இரவில் வீட்டில் சார்ஜில் இருந்த ஒரு மின்சார ஸ்கூட்டர் தீப்பிடித்து, ஒரு தந்தையும் மகளும் புகையில் மூச்சுத்திணறி இறந்தார்கள். அந்த ஆண்டு நாடு முழுக்க நடந்த தீ விபத்துகளுக்குப் பிறகுதான், பதிவாகும் வண்டிகளின் பேட்டரிக்கு ஏ.ஐ.எஸ். 156 என்ற பாதுகாப்பு விதி இறுக்கப்பட்டு, 2022 டிசம்பரிலிருந்து கட்டம் கட்டமாக நடைமுறைக்கு வந்தது. நீங்கள் வாங்கும் பழைய பேட்டரி அதற்கு முந்தியதாகவோ, அந்தச் சோதனைக்கே போகாததாகவோ இருக்கலாம். ஆகவே படுக்கையறையிலோ, வாசற்படி வழியிலோ, மாடிப்படிக்குக் கீழேயோ சார்ஜ் போடக் கூடாது. வெளியே போகும் வழி எப்போதும் காலியாக இருக்கட்டும். தூங்கும் நேரத்தில் சார்ஜ் வேண்டாம். ஓட்டி வந்ததும் பேட்டரியைத் தொட்டுப் பார்த்து, சூடு ஆறிய பிறகே பிளக்கைச் செருகுங்கள். எர்த் சரியாக உள்ள பிளக் வேண்டும், எக்ஸ்டென்ஷன் பெட்டி கூடாது.

முதல் ஓட்டம் முடிந்ததும் ஸ்போக், ஆக்சில் நட், பிரேக் காலிப்பர் போல்ட் எல்லாவற்றையும் ஒருமுறை இறுக்கிப் பார்த்து, செயினுக்கு எண்ணெய் விடுங்கள். வாட் மீட்டரைத் தூக்கிப் போடாதீர்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதே மாதிரி அடியிலிருந்து சார்ஜ் ஏற்றி, யூனிட் கணக்கை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். நாளைக்கு நீங்கள் விற்கும்போது வாங்க வருகிறவரிடம் அதைக் காட்டலாம்.