நெட்ஃபிளிக்ஸ்: தனி வீடு போகும் பிள்ளைகளுக்கு

மகனோ மகளோ வேறு ஊரில் தனி வீடு எடுத்துவிட்டால், அப்பாவின் நெட்ஃபிளிக்ஸ் கணக்கு அங்கே டிவியில் ஓடாமல் போகலாம். 2023 ஜூலை முதல் இந்தியாவிலும் ஒரு கணக்கு ஒரு வீட்டுக்குத்தான் என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள்.

புதுக் கணக்கு தொடங்கும் அவசரத்தில் அப்பா கணக்கில் உங்கள் பெயரில் இருக்கும் பழைய புரொஃபைலை அழித்துவிடாதீர்கள், ப்ளீஸ்! செட்டிங்ஸில் 'டிரான்ஸ்ஃபர் புரொஃபைல்' என்று ஒரு வசதி இருக்கிறது. கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ, அவர் அதை ஆன் செய்ய வேண்டும். இதுவரை பார்த்தவை, மை லிஸ்ட், உங்கள் ரசனைக்கேற்ற பரிந்துரைகள் எல்லாம் புதுக் கணக்குக்கு வந்துவிடும். பல வருஷ ரசனையை எதற்கு இழக்க வேண்டும்?

போனில் மட்டும் பார்ப்பவர்களுக்கு மொபைல் திட்டமே தாராளம். புரொஃபைலை மாற்றி முடித்ததும் அப்பாவின் பாஸ்வேர்டை மாற்றிக் கொடுங்கள்.