பிறந்த குழந்தைக்குக் கடிகாரம் எப்போது? பால், தூக்க ஒழுங்கில் நடக்கும் தவறுகள்

பிறந்து பத்து நாள் ஆன குழந்தை. கடைசியாகப் பால் குடித்து ஒன்றரை மணி நேரம்தான் ஆகிறது. மறுபடியும் வாயைத் திறந்து தலையை இப்படியும் அப்படியும் திருப்புகிறது. "மூணு மணி நேரம் ஆகட்டும்" என்று தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே நடக்கிறார்கள். அரை மணி நேரத்தில் வீறிட்டு அழுகிறது. அப்போது மார்பில் வைத்தால் காம்பைச் சரியாகக் கவ்வுவதில்லை. கவ்வினாலும் ஐந்து நிமிடத்தில் களைத்துத் தூங்கிவிடுகிறது. வயிறு பாதிதான் நிரம்பியிருக்கும், ஆகவே முக்கால் மணி நேரத்தில் திரும்ப எழுகிறது. ஒழுங்குக்காகச் செய்த காரியமே அன்றைய பொழுதைக் கலைத்துவிட்டது.

வரிசை வேறு, நேரம் வேறு. தூங்கி எழுந்ததும் பால், பிறகு ஏப்பம், டயப்பர், கொஞ்சம் முகம் பார்த்துப் பேச்சு, மறுபடி தூக்கம் என்பது வரிசை. காலை 6, 9, 12 என்பது நேரம். வரிசையை இரண்டாவது வாரத்திலேயே மெல்லத் தொடங்கலாம். நேரத்துக்கு மூன்று, நான்கு மாதம் பொறுக்க வேண்டும். இந்த இரண்டையும் ஒன்றென்று குழப்பிக்கொள்வதிலிருந்துதான் கீழே வரும் தவறுகளில் பெரும்பாலானவை பிறக்கின்றன.

முதல் இரண்டு வாரத்தில் மணி பார்ப்பது

முதல் நாளில் ஒரு தடவைக்குக் குழந்தை குடிக்கும் சீம்பால் ஏறக்குறைய ஒரு டீஸ்பூன்தான். மூன்றாம் நாள் 15 முதல் 30 மி.லி., வாரக் கடைசியில் 45 முதல் 60 மி.லி. தாய்ப்பால் சீக்கிரம் செரிக்கும். அதனால் 24 மணி நேரத்தில் 8 முதல் 12 முறை பால் கேட்பது இயல்பு. அதுவும் சமமான இடைவெளியில் கேட்காது. ஒரு மணி நேரத்தில் இரண்டு முறை, அடுத்து மூன்று மணி நேரம் சத்தமே இல்லை என்று போகும்.

இந்த நாள்களில் நேரம் குறித்துக் காக்க வைத்தால் பாதிக்கப்படுவது குழந்தையின் வயிறு மட்டுமல்ல, பால் சுரப்பும்தான். மார்பிலிருந்து எவ்வளவு பால் வெளியேறுகிறதோ அதற்கேற்பத்தான் அடுத்த சுரப்பு. தேங்கி நிற்கும் பாலே "போதும், குறை" என்ற சமிக்ஞையாகிவிடுகிறது. சுரப்பைத் தூண்டும் புரோலாக்டின் என்ற ஹார்மோன் இரவில்தான் அதிகம். ஆகவே முதல் வாரங்களிலேயே இரவுப் பாலை நிறுத்தப் பார்ப்பது, ஒரு மாதம் கழித்து "பால் பத்தவில்லை" என்ற புலம்பலில் வந்து முடியும். இன்னொன்று: ஒரு தடவைக்கு மார்பில் சேரும் பாலின் அளவு தாய்க்குத் தாய் மாறும். ஒரு தாயின் குழந்தை மூன்று மணி நேரம் தாங்கும், இன்னொருவர் குழந்தை இரண்டு மணி நேரத்தில் கேட்கும். நாள் முழுவதும் கூட்டிப் பார்த்தால் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவு குடித்திருக்கும்.

(நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை பால், இரவில் கிடையவே கிடையாது என்ற கணக்கைப் பெரிதாகப் பரப்பியவர்களில் ஒருவர் நியூசிலாந்து மருத்துவர் பிரெடரிக் ட்ரூபி கிங். அவர் 1907-இல் தொடங்கிய பிளங்கெட் என்ற குழந்தை நலச் சங்கம் வழியாக அது பல நாடுகளுக்குப் போனது. நூறு வருடம் கடந்தும் அந்தக் கடிகாரம் பல வீடுகளில் இன்னும் ஓடுகிறது.)

அழுகை வரும்வரை காத்திருப்பது

அழுகை பசியின் கடைசி மணி. அதற்கு முன்பே குழந்தை பலமுறை சொல்லியிருக்கும்: உடம்பை நெளிப்பது, உதட்டைச் சப்புவது, கன்னத்தில் துணி பட்டால்கூட அந்தப் பக்கம் வாயைத் திருப்புவது, கையை வாய்க்குக் கொண்டுபோவது. இந்தக் கட்டத்தில் மார்பில் வைத்தால் அமைதியாகக் கவ்வி நிறையக் குடிக்கும். அழத் தொடங்கிவிட்டால் முதலில் நெஞ்சோடு அணைத்துச் சமாதானப்படுத்துங்கள், பிறகு பால். அழும் வாயில் நாக்கு மேலே எழும்பி நிற்கும், அதனால்தான் அப்போது கவ்வ முடிவதில்லை.

தூங்குகிற குழந்தையை எழுப்பவே கூடாது என்பது

இது எதிர்ப்பக்கத் தவறு, உண்மையில் அதிக ஆபத்தானதும் இதுதான். பிறந்தபின் எடை சற்றுக் குறைவது இயல்பு. 7 சதவீதம் தாண்டினால் பால் குடிப்பதைக் கூர்ந்து பார்க்க வேண்டும். 10 சதவீதம் தாண்டினால் மருத்துவர் உடனே பார்க்க வேண்டும். 10 முதல் 14 நாளுக்குள் பிறந்த எடை திரும்பிவிட வேண்டும். அதுவரை பகலில் 3 மணி நேரத்துக்கு மேலும் இரவில் 4 மணி நேரத்துக்கு மேலும் பால் இல்லாமல் விடாதீர்கள். ஒரு தடவை குடிக்கத் தொடங்கிய நேரத்திலிருந்து அடுத்த தடவை தொடங்கும் நேரம்வரை எண்ணுவதுதான் கணக்கு. முடித்த நேரத்திலிருந்து எண்ணினால் இடைவெளி நீண்டுவிடும். மஞ்சள் காமாலை உள்ள குழந்தை சோர்ந்து தூங்கும், தூங்குவதால் குடிக்காது, குடிக்காததால் மலம் வழியே மஞ்சள் வெளியேறாமல் இன்னும் சோரும். இந்தச் சுழலை எழுப்பிப் பால் கொடுத்துத்தான் உடைக்க முடியும்.

எழுப்ப, சுற்றிய துணியை அவிழ்த்து டயப்பரை மாற்றுங்கள். சட்டையில்லாமல் நெஞ்சோடு நெஞ்சாக வைத்து, உள்ளங்காலைத் தேய்த்துவிடுங்கள். குடிக்கும்போதே தூங்கினால் மார்பை லேசாக அழுத்துங்கள், அல்லது அடுத்த பக்கம் மாற்றுங்கள். எடை திரும்பி, மருத்துவரும் சரி என்று சொன்னபிறகு இரவில் தானாக எழும்வரை விடலாம்.

பால் போதுமா என்பதை டயப்பரும் தராசும் சொல்லும். ஐந்தாம் நாளிலிருந்து ஒரு நாளைக்கு 6 முறையாவது நன்றாக நனைய வேண்டும். கறுப்பு மலம் அதற்குள் மஞ்சளாகியிருக்க வேண்டும். முதல் மூன்று மாதம் நாளுக்குச் சராசரியாக 20 முதல் 30 கிராம் எடை கூட வேண்டும். மார்பு தொட்டால் மென்மையாக இருப்பதோ, பம்ப் செய்தால் கொஞ்சம்தான் வருவதோ பால் குறைவுக்கு அடையாளம் இல்லை. ஆனால் எழுப்பியும் எழாத குழந்தை, தொடர்ந்து இரண்டு முறை பாலை மறுக்கும் குழந்தை, 38 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேல் காய்ச்சல் உள்ள மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தை ஆகியோரை உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

மாலை அழுகையைப் பால் குறைவு என்று முடிவு செய்வது

மாலையில் தொடங்கி இரவு பத்து, பதினொன்றுவரை அரை மணிக்கு ஒரு முறை பால் கேட்கும் குழந்தைகள் ஏராளம். மூன்றாவது வாரம், ஆறாவது வாரம், மூன்றாவது மாதத்தை ஒட்டி இது இரண்டு, மூன்று நாள் உச்சத்துக்குப் போகும். டயப்பரும் எடையும் சரியாக இருந்தால் இதில் கவலைப்பட ஒன்றும் இல்லை. இங்கே பலரும் செய்வது, ஒரு பாட்டில் பவுடர் பால் கொடுத்துத் தூங்க வைப்பது. குழந்தை தூங்கும்தான். ஆனால் அந்த நேரத்தில் மார்பு காலியாகாததால் சுரப்பு அந்த அளவுக்குக் குறையும், மறுநாள் மாலை இன்னொரு பாட்டில் தேவைப்படும்.

எல்லா அழுகையும் பசி அல்ல என்பதும் உண்மை. முதல் மாதத்தில் குழந்தை ஒரே மூச்சில் விழித்திருக்கக்கூடியது பால் குடிக்கும் நேரத்தையும் சேர்த்து 45 முதல் 60 நிமிடம். இரண்டாவது மாதத்தில் ஒன்றரை மணி நேரம்வரை போகலாம். பார்வையை விலக்குவது, வெறித்துப் பார்ப்பது, கொட்டாவி, புருவம் சிவப்பது எல்லாம் தூக்கத்துக்கான அழைப்பு. அதைத் தவறவிட்டால் களைப்பு எல்லை மீறி, தூங்கவும் தெரியாமல் அழும்.

இரவையும் பகலையும் மாற்றப் போராடுவது

பிறந்த குழந்தைக்கு உடல் கடிகாரமே இன்னும் அமையவில்லை. இரவைச் சொல்லும் மெலடோனின் ஹார்மோனை அதன் உடல் இரண்டு, மூன்று மாதத்தில்தான் சீராகச் சுரக்கத் தொடங்குகிறது. "பகலில் தூங்க விடாதே, ராத்திரி தூங்கும்" என்ற யோசனை பலிக்காது. ஒரு நாளைக்கு 14 முதல் 17 மணி நேரம் தூங்க வேண்டிய உடம்பு, பகலில் தூக்கம் கெட்டால் இரவில் இன்னும் மோசமாகத் தூங்கும்.

செய்யக்கூடியது வெளிச்சத்தைப் பயன்படுத்துவது. இரண்டாவது வாரத்திலிருந்து காலையில் திரையை விலக்குங்கள். பகல் தூக்கம் வழக்கமான வீட்டுச் சத்தத்தோடும் வெளிச்சத்தோடும் இருக்கட்டும். இரண்டரை, மூன்று மணி நேரம் தாண்டினால் எழுப்பிப் பால் கொடுங்கள். இரவில் மங்கிய விளக்கு, பேச்சு இல்லை, விளையாட்டு இல்லை, மலம் போனாலோ நன்றாக நனைந்தாலோ தவிர டயப்பர் மாற்றமும் இல்லை.

இரவில் முனகல் கேட்டவுடன் தூக்குவதும் ஒரு தவறு. பிறந்த குழந்தையின் தூக்கத்தில் பாதி அசைவுத் தூக்கம். அதில் முனகும், முகம் சுளிக்கும், சிரிக்கும், கண்கூடப் பாதி திறக்கும். தூக்கினால்தான் உண்மையில் விழிக்கும். ஒரு நிமிடம் பாருங்கள். கை வாய்க்குப் போனாலோ சத்தம் கூடினாலோ தூக்குங்கள்.

கூடுதல் தூக்கத்துக்காகக் குறுக்குவழி

பாட்டிலில் தானிய மாவு கலப்பது தூக்கத்தைக் கூட்டாது. விக்கிப் புரையேறும் ஆபத்தைத்தான் கூட்டும். ஆறு மாதம்வரை தண்ணீரும் தேவையில்லை. பவுடர் பாலைக் கெட்டியாகக் கரைத்தால் சிறுநீரகத்துக்குச் சுமை, நீர்க்கக் கரைத்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து வலிப்புகூட வரலாம். கரண்டியைத் தலைதட்டி, டப்பாவில் சொன்ன அளவுத் தண்ணீரில் கரையுங்கள். முதல் வாரம் கடந்தபின் தோராயக் கணக்கு, கிலோவுக்கு நாளொன்றுக்கு 150 மி.லி.: 4 கிலோ குழந்தைக்கு 600 மி.லி., எட்டு தடவை என்றால் தடவைக்கு 75 மி.லி. தலையைத் திருப்பிக்கொண்டால் அத்தோடு நிறுத்துங்கள், மிச்சத்தை முடிக்க வைக்க வேண்டியதில்லை. வாய் வைத்த பாலை ஒரு மணி நேரத்துக்குப் பிறகு கொட்டிவிடுங்கள்.

குப்புறப் போட்டால் ஆழ்ந்து தூங்கும் என்பது சரிதான், அந்த ஆழம்தான் ஆபத்து. தூக்கத்தில் திடீரென நேரும் சிசு மரணம் அதிகம் நிகழ்வது ஒன்றிலிருந்து நான்காவது மாதம்வரை. மல்லாக்க, தட்டையான, அழுத்தமான படுக்கையில், தலையணையோ பொம்மையோ இல்லாமல், முதல் ஆறு மாதமாவது பெரியவர்களின் அறையிலேயே, ஆனால் தனிப் படுக்கையில். சோபாவில் குழந்தையை மேலே போட்டுக்கொண்டு கண்ணயர்வது எல்லாவற்றிலும் மோசம். சுற்றிக் கட்டும் துணியை, புரள முயலும் முதல் அறிகுறியிலேயே நிறுத்துங்கள்.

ஆறாவது வாரத்தில் கண்டிப்பைத் தொடங்குவது

அழுகை பொதுவாக உச்சத்தில் இருப்பது ஆறாவது வாரத்தில். புதிய பயிற்சி எதற்கும் ஏற்ற நேரமல்ல. அது தணியத் தொடங்கும் எட்டாவது வாரவாக்கில் இரவுத் தூக்கத்துக்கு முன் 20 நிமிட வரிசை ஒன்றை அமையுங்கள்: உடல் துடைப்பு, உடை, பால், தாலாட்டு, விளக்கணைப்பு. நேரம் அரை மணி முன்பின் ஆகலாம், வரிசை மாற வேண்டாம். கண் சொக்கும் நிலையில், முழுக்கத் தூங்குவதற்கு முன் படுக்கையில் விட்டுப் பாருங்கள். நாளுக்கு ஒரு முறை, இரவின் முதல் தூக்கத்தில் மட்டும் போதும். பலிக்காவிட்டால் தூக்கி ஆட்டித் தூங்க வையுங்கள், ஒன்றும் கெட்டுப்போகாது.

மூன்று, நான்கு மாதத்தில் குழந்தையே ஒரு ஒழுங்கைக் காட்டும். மூன்று நாள் பால், தூக்க நேரங்களை எழுதிவையுங்கள். அந்தத் தாளில் ஏற்கெனவே இருக்கும் அட்டவணையைத்தான் நீங்கள் நேர்த்தி செய்யப் போகிறீர்கள். முதலில் காலையில் எழும் நேரத்தை மட்டும் நிலைப்படுத்துங்கள். மாற்றம் எதுவானாலும் இரண்டு, மூன்று நாளுக்கு ஒருமுறை 15 நிமிடம். நான்காவது மாதத்தில் தூக்கத்தின் அமைப்பே மாறுவதால் நன்றாகத் தூங்கிய குழந்தையும் சில வாரம் அடிக்கடி எழும். அதைப் பசி என்றெண்ணிப் பாட்டிலைக் கூட்டவோ, பழக்கம் கெட்டுவிட்டது என்று எல்லாவற்றையும் கைவிடவோ வேண்டாம். இரவில் ஒன்றிரண்டு முறை பால் கேட்பது ஆறு மாதம்வரை சாதாரணம். தானாகத் தூங்கப் பழக்கும் பயிற்சிகளை நான்கு மாதத்துக்கு முன் தொடங்கக் கூடாது.

குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு இந்த மாதக் கணக்கைப் பிறந்த தேதியிலிருந்து எண்ணுவது கடைசித் தவறு. முழுமாதம் என்பது 40 வாரம்; 35 வாரத்தில் பிறந்திருந்தால் ஐந்து வாரத்தைக் கழியுங்கள். பிறந்து மூன்று மாதம் ஆனாலும் தூக்கத்தில் அது இரண்டு மாதக் குழந்தைதான்.