ஒல்லாந்தில் பிள்ளைகள் இருப்பவர்கள் பாய்க்கப்பலில் ஏறுவது எப்படி

என்னுடைய அப்பப்பா தண்டையலாக, அதாவது கப்பலை நடத்தும் தலைவராக, இருந்தவர். நாகபட்டினம், கொச்சி, இரங்கூன் என்று பாய் விரித்துப் போய்வந்தவர். ஆனால் எங்கள் வீட்டுப் பெண் ஒருத்தியையும் அவர் கப்பலில் ஏற்றியதில்லை. எங்கள் ஊரில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938 ஆகஸ்டில் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தைப் போய்த் தொட்ட கதையை வல்வெட்டித்துறைப் பிள்ளைகள் எல்லோரும் சோற்றோடு சேர்த்து விழுங்கித்தான் வளர்ந்தோம். பாய் எப்படிப் பாய்மரத்தில் ஏறுகிறது என்று கேட்டால் எங்களில் ஒருவருக்கும் தெரியாது. முப்பத்துநான்கு வருடம் கணிதம் படிப்பித்து ஓய்வுபெற்ற பிறகு, அறுபத்துமூன்று வயதில், ஒல்லாந்தில்தான் நான் முதன்முதலாகப் பாய்க்கயிற்றைப் பிடித்தேன்.

திரும்பி வந்த நாளிலிருந்து, அது எப்படி என்று கோயிலிலும் சந்தையிலும் மறித்துக் கேட்கிறார்கள். பிள்ளைகளிடம் போகும் பெற்றோர் பலர் அங்கே மூன்று மாதமும் யன்னலருகே கதிரையைப் போட்டு அமர்ந்துவிட்டுத் திரும்புவதை நான் அறிவேன். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பிள்ளைகளிடம் முதலில் சொல்ல வேண்டியது: சொகுசுக் கப்பல் வேண்டாம். ஒல்லாந்தின் வடக்கே ஹார்லிங்கன், என்குய்சன் போன்ற துறைமுகங்களில் பழைய பாய்க்கப்பல்கள் வரிசையாகக் கட்டிக் கிடக்கின்றன. பல கப்பல்கள் 1900ஆம் ஆண்டை ஒட்டிச் சரக்கு ஏற்றுவதற்காக இரும்பில் கட்டப்பட்டவை. சரக்கு வைத்த வயிற்றை இப்போது தடுத்துச் சிறு அறைகளாக்கியிருக்கிறார்கள். தண்டையல் ஒருவர், துணைமாலுமி ஒருவர்; மிச்ச வேலைக்கு ஆட்கள் நீங்கள்தான். பகலில் ஓட்டம், இரவில் ஏதாவது துறைமுகம். பதிவு செய்யும்போதே சாப்பாடு, துறைமுகக் கட்டணம், படுக்கை விரிப்பு மூன்றும் விலைக்குள் அடங்குமா என்று எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். நாங்கள் இரண்டைக் கேட்டோம். மூன்றாவதை மறந்ததால் முதல் இரவு என் சேலையைப் போர்த்துக்கொண்டு படுத்தேன்.

காலம் எதுவென்றால், ஆனி மாதம் நல்லது. ஜூலை நடுவிலிருந்து பள்ளி விடுமுறைக் கூட்டம். ஆனியில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கிறது. நான் விளக்கு வைக்கும் நேரம் எது என்று தெரியாமல் நாள்தோறும் தடுமாறினேன்.

விசா பற்றிச் சுருக்கமாக. ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான செங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்னரே விண்ணப்பிக்கலாம். பதினைந்து நாளுக்குக் குறைந்தால் ஏற்கமாட்டார்கள். மருத்துவக் காப்புறுதி 30,000 யூரோவுக்குக் குறையக் கூடாது. 180 நாளுக்குள் 90 நாள்தான் தங்கலாம். கப்பலில் தங்கும் இரவுகளுக்கான பதிவுத்தாளையும் சேர்த்துக் கொடுங்கள். நான் கொடுக்கவில்லை. கருமபீடத்தில் இருந்தவர் "அந்த ஐந்து இரவும் எங்கே தங்குவீர்கள்?" என்றார். கப்பலில் என்றேன். "எந்தத் தெரு?" என்று கேட்டார்.

இனி ஒத்திகை. இதை ஒருவரும் செய்வதில்லை; நான் செய்தேன். உங்கள் வயிறு எப்படிப்பட்டது என்பதை ஒல்லாந்துக்குப் போய் அறியாதீர்கள், இங்கேயே அறியுங்கள். குறிகட்டுவான் இறங்குதுறையில் படகேறி நெடுந்தீவுக்குப் போங்கள். நயினாதீவு போதாது, அது கும்பிட்டு முடிப்பதற்குள் வந்துவிடும். நெடுந்தீவுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம். சோளகம் என்ற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில், படகு ஓட விடுகிற நாளாகப் பார்த்துப் போங்கள். பாதுகாப்பு அங்கியைப் போட்டுக்கொண்டு, படகின் நடுப்பகுதியில், வெளியே பார்க்கக்கூடிய இடமாக அமருங்கள். கண் அடிவானத்தில் இருக்கட்டும். கைப்பேசியைப் பார்த்தவர்கள்தான் முதலில் வாந்தி எடுக்கிறார்கள். குமட்டலுக்குக் குளிசை எடுப்பதென்றால் ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்னர் எடுக்க வேண்டும், குமட்டல் வந்தபின் அல்ல. அழுத்தத்துக்கும் சீனிக்கும் மருந்து எடுப்பவர்கள் முதலில் வைத்தியரிடம் கேளுங்கள். வெறும் வயிறும் ஆகாது. நான் இரண்டு துண்டு பாணும் இஞ்சித் தேத்தண்ணீரும் குடித்துவிட்டுப் போனேன். போகும்போது தப்பினேன், வரும்போது தப்பவில்லை. அது போதும், கப்பலுக்கு எத்தனை குளிசை வாங்க வேண்டும் என்ற கணக்கு கிடைத்துவிட்டது.

(நெடுந்தீவுக்கு ஒல்லாந்தர் வைத்த டெல்ஃப்ட் என்ற பெயரை இன்னும் நாம் சுமக்கிறோம். காரைநகரை ஆம்ஸ்டர்டாம் என்றும் புங்குடுதீவை மிடில்பர்க் என்றும் தங்கள் படத்தில் எழுதிக்கொண்டவர்கள். எங்கள் கப்பலின் தண்டையல் ஒரு பெண், ஐம்பது வயதிருக்கும். நான் இதைச் சொன்னபோது அவருக்கு நம்பிக்கை வரவில்லை. வரைபடத்தை எடுத்துக் காட்டிய பிறகு, அன்று முழுவதும் என்னை ஆம்ஸ்டர்டாமிலிருந்து வந்தவர் என்றே அழைத்தார்.)

மூட்டை கட்டுவதில் நான் விட்ட பிழையை நீங்கள் விடாதீர்கள். சில்லுப் பூட்டிய பெரிய சூட்கேஸோடு போனேன். அறையில் இரண்டு தட்டுப் படுக்கை, ஒரு ஆள் நிற்கும் இடம், அவ்வளவுதான். சூட்கேஸை வைக்க இடமில்லாமல் அதனோடு ஒரே படுக்கையில் உறங்கினேன். மடித்துச் செருகக்கூடிய துணிப்பை கொண்டுபோங்கள். சேலை வீட்டில் இருக்கட்டும், கீழே இறங்கும் படி ஏணி மாதிரி. அதில் முகத்தைப் படிப்பக்கம் வைத்துத்தான் இறங்க வேண்டும். சுரிதாரோ காற்சட்டையோ போடுங்கள். வழுக்காத அடியுள்ள சப்பாத்து வேண்டும், செருப்பு கூடாது. கோடை என்று நம்பி ஏமாறாதீர்கள். கடலில் காற்று எழும்பினால் நம் மார்கழிக் குளிர் ஒன்றுமில்லை என்று தோன்றும். காற்றும் மழையும் புகாத மேற்சட்டை ஒன்றும் கம்பளித் தொப்பி ஒன்றும் கட்டாயம். மோதிரம், காப்பு எல்லாவற்றையும் மகள் வீட்டில் கழற்றி வையுங்கள். தாலிக்கொடியைக் கழற்ற மனமில்லாதவர்கள் உள்சட்டைக்குள் விட்டு ஊசி குத்திக்கொள்ளுங்கள்.

காரணம் கயிறு. பெரிய பாயின் மேல்விளிம்பைத் தாங்க ஒரு நீண்ட சட்டம் இருக்கிறது. அதில் பாய்மரத்தை ஒட்டிய முனைக்கு ஒரு கயிறு, வெளிமுனைக்கு ஒரு கயிறு. பயணிகள் இரண்டு கூட்டமாகப் பிரிந்து இழுக்க வேண்டும். சட்டம் கிடையாகவே மேலே போக வேண்டும், ஒரு கூட்டம் முந்தினால் அது சரிந்து சிக்கிக்கொள்ளும். உச்சியைத் தொட்ட பிறகுதான் வெளிமுனையை மட்டும் இன்னும் உயர்த்துவார்கள். தேர்வடம் பிடித்த கைக்கு இழுப்பது புதிதல்ல, ஆனால் தேரில் கை சலித்தால் விட்டுவிடலாம், பின்னால் நூறு பேர் இருக்கிறார்கள். இங்கே என் பின்னால் மருமகனும் பேரனும் மட்டும். கயிறு நழுவப் பார்த்தது. நழுவாமல் இருக்கட்டும் என்று உள்ளங்கையில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டேன். துணைமாலுமிப் பெண், இருபது வயது இருக்கும், பாய்ந்து வந்து அந்தச் சுற்றைக் கழற்றினாள். ஒரு சொல்லும் சொல்லவில்லை. தன் இரு கைகளையும் என் முகத்துக்கு முன் விரித்துப் பத்து விரலையும் காட்டினாள். எனக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

ஆகவே கயிற்றைக் கையில் சுற்றாதீர்கள். தரையில் கிடக்கும் கயிற்று வளையத்துக்குள் கால் வைக்காதீர்கள். பாயின் அடியில் இருக்கும் சட்டம் கப்பல் திரும்பும்போது ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வீசிக்கொண்டு வரும். தண்டையல் குரல் கொடுத்தால் என்ன மொழியென்று யோசிக்காமல் குனியுங்கள். இழுத்து முடிந்த கயிற்றை முளையில் எட்டு வடிவமாகக் கட்டி, மிச்சத்தை வலப்பக்கமாகச் சுருட்ட வேண்டும். எதிர்ப்பக்கம் சுருட்டினால் முறுக்கிக்கொண்டு அடம்பிடிக்கும். கோயிலை எந்தப் பக்கமாகச் சுற்றுவோமோ அந்தப் பக்கம் என்று பேரனுக்குச் சொல்லிக் கொடுத்தேன். ஒரு முறையும் பிழைக்கவில்லை அவன்.

பாய் ஏறி, இயந்திரத்தை நிறுத்தியதும் வருகிற அமைதி இருக்கிறதே, அதற்குத்தான் இத்தனை பாடும். தண்ணீர் கப்பலின் வயிற்றைத் தேய்க்கும் சத்தம் மட்டும். முன்னே நீட்டிக்கொண்டிருக்கும் மரத்தின் கீழ் வலை கட்டியிருந்தால் தண்டையலிடம் அனுமதி கேட்டு அதில் படுங்கள். நான் இரண்டு மணி நேரம் படுத்திருந்தேன். புத்தகம் கொண்டுபோயிருந்தேன், திறக்கவில்லை.

இந்தப் பயணத்தில் திட்டம் போடாதீர்கள். என் மருமகன் தீவு தீவாக, நேரம் நேரமாக அட்டவணை எழுதி வந்திருந்தார். தண்டையலம்மா அதை மரியாதையாக வாசித்துவிட்டு, காற்று மேற்கிலிருந்து வருகிறது, மேற்கே இன்றைக்குப் போக முடியாது என்று திருப்பிக் கொடுத்தார். சோளகத்தோடு முட்டிக்கொண்டு எங்கள் ஊர்க் கப்பல் எதுவும் போனதில்லை, காத்திருக்கும். அதுதான் இங்கேயும்.

சமையல். சில கப்பல்களில் சமைத்துத் தருவார்கள், எங்களுடையதில் பொதுக் குசினி. ஐரோப்பாவுக்குள் பால், இறைச்சிப் பண்டங்களைக் கொண்டுபோக விடமாட்டார்கள். பச்சைக் கறிவேப்பிலையும் மாம்பழமும் பறிபோகும். கறித்தூள், வறுத்த அரிசிமா, பருத்தித்துறை வடை இவை போதும். அந்த வடை நாட்பட இருக்கும், குமட்டுகிற நேரத்திலும் கடிக்கலாம். கருவாடு வேண்டாம், பதினாறு பேர் ஒரே கூரையின் கீழ் உறங்குகிறார்கள். துறைமுகத்தில் கட்டியிருக்கும்போதே சமைத்து முடியுங்கள். நான் ஓடும்போது பருப்பை அடுப்பில் வைத்தேன். கப்பல் மறுபக்கம் சரிந்தது, பானை என்னை நோக்கி நடந்து வந்தது. மருமகன் முழங்காலில் இருந்து தரையைத் துடைத்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை, நல்ல பிள்ளை. நல்ல தண்ணீர் தாங்கியில் உள்ளதுதான். கோடையில் கிணறு வற்றிப் பழகிய நமக்கு இதில் பாடம் தேவையில்லை.

நான் மிகவும் விரும்பிய நாள் கப்பல் ஓடாத நாள். ஒல்லாந்தின் வடகரைத் தீவுகளுக்கும் நிலத்துக்கும் இடைப்பட்ட கடலுக்கு வாடன் கடல் என்று பெயர். என் காதில் அது வாடைக்கடல் என்றே விழுந்தது. 2009 இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். ஆழமற்ற கடல். அதற்காகவே இந்தக் கப்பல்களுக்கு அடி தட்டையாக இருக்கிறது. ஆழமான அடிக்கட்டைக்குப் பதிலாக இரு பக்கமும் பெரிய பலகைகள், காற்று வராத பக்கத்துப் பலகையை இறக்கினால் கப்பல் பக்கவாட்டில் வழுகாது. தண்டையலம்மா வற்றுநேரம் பார்த்து ஒரு மணல்திட்டின் மேல் நங்கூரம் இட்டார். தண்ணீர் மெல்ல மெல்ல விலகியது. அடியில் ஒரு சின்ன உரசல், அதன்பின் கப்பல் வீடு மாதிரி அசையாமல் நின்றது. ஏணி இறக்கினார்கள். காற்சட்டையை மடித்துக்கொண்டு சேற்றில் இறங்கினேன். பண்ணைக் கடலில் இடுப்பளவு தண்ணீரில் நின்று வலை வீசுகிறவர்களைப் பார்த்து வளர்ந்த கால், மணல் எங்கே இறுகும், சேறு எங்கே வாங்கும் என்று தானாகவே அறிந்தது. குனிந்து மட்டி பொறுக்கினேன். தூரத்தில் கடல்நாய்கள் திட்டில் படுத்திருந்தன, கோயில் மண்டபத்தில் மத்தியானம் உறங்குகிறவர்கள் போல. தண்டையலைக் கேட்காமல் தூரம் போகாதீர்கள். பெருக்கு திரும்பும்போது பின்பக்கத்தால் வந்து வளைத்துக்கொள்ளும்.

கடைசி நாள் தளம் கழுவுவதும் குசினி துடைப்பதும் பயணிகள் பொறுப்பு. முகம் சுளிக்காமல் தும்புத்தடியை எடுங்கள். இறங்கிய பிறகு இரண்டு நாளைக்குத் தரை ஆடும், பயப்பட வேண்டாம். மகள் வீட்டுக் குளியலறையில் கண்ணை மூடிக்கொண்டு முகத்துக்குச் சவர்க்காரம் போடும்போது மட்டும் ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொள்ளுங்கள்.