படகின் மூக்கு ஏன் தாழ்ந்தது?

நானும் மனைவியும் மட்டும் போனால் எங்கள் பாண்டூன் படகு (மிதவைக் குழாய்கள் மேல் தட்டையான தளம் அமைந்த படகு) சொன்னபடி கேட்கும். உறவினர்கள் எட்டுப் பேர் ஏறிய அன்று அதே படகு அடம்பிடித்தது. கைப்பிடியை முழுதும் தள்ளியும் வேகம் ஏறவில்லை. முன்பக்கம் நீரை உழுதுகொண்டே போனது. என்ஜின் கோளாறு என்றே நம்பி ஸ்பார்க் பிளக்கையும் எரிபொருள் வடிகட்டியையும் மாற்றினேன். பயனில்லை.

அடுத்த முறை எல்லோரும் ஏறியபின், நான் மட்டும் இறங்கிப் பக்கவாட்டில் நின்று பார்த்தேன். காற்று வாங்க ஆறு பேர் முன் இருக்கைகளில் நெருக்கியடித்திருந்தார்கள். மிதவைக் குழாய்களின் முன்முனை அமிழ்ந்து, பின்முனை தூக்கி நின்றது.

நால்வரைப் பின்னால் உட்காரவைத்தேன். இடவலமும் பார்த்தேன், ஒரு பக்கம் பாரம் கூடினால் படகு சாய்ந்து, நேராக ஓட்டவே மல்லுக்கட்ட வேண்டும். ஓடத் தொடங்கியதும் பின்னாலுள்ள என்ஜினை, அதன் அடிப்பகுதி படகைவிட்டு விலகும்படி சற்றே வெளிப்புறமாகச் சாய்த்தேன். மூக்கு நிமிர்ந்தது, வேகமும் வந்தது.

முன்பாரத்தோடு திடீரென வேகத்தைக் குறைக்காதீர்கள். பின்னாலிருந்து நம் அலையே வந்து தள்ள, மூக்கு முங்கித் தளத்தில் தண்ணீர் ஏறிவிடும். குழந்தைகள் முன்பக்கத்தில்தான் உட்காருவார்கள். படகிலுள்ள கொள்ளளவுத் தகட்டில் ஆள் கணக்கோடு எடைக் கணக்கும் இருக்கும், இரண்டையும் பாருங்கள்.

கூட்டமாகவே போவதால், பிறகு பிட்ச் (ஒரு சுற்றுக்கு முன்னேறும் தூரம்) குறைந்த புரொப்பெல்லரை மாட்டினேன். உச்ச வேகம் கொஞ்சம் குறைந்தது. ஆனால் முழுப் பாரத்தோடும் படகு சட்டென்று கிளம்புகிறது.